நிலூஷாவின் கடலில் முளைத்த பழுப்புப் பூ

என் மருமகள் நிலூஷா முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமான புதிதில் என் மகன் ரவிகுமார் அவளைத் திருகோணமலைக்குக் கூட்டிப்போனான். கோயிலில் கும்பிட்டுவிட்டு வருவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவள் முழங்கால் தண்ணீரில் மூன்று மணிநேரம் குனிந்து நின்று, கல்லுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறாள்.

"கோயில் நட சாத்துன பொறகுதாம்மா கரையேறுனா" என்று ரவி வந்து என்னிடம் முறையிட்டான். அவளுக்கோ முதுகெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. நான்தான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். தடவும்போதும் வாய் ஓயவில்லை. "மாமி, ஒரு நண்டு, சிப்பிய வீடா சுமந்துக்கிட்டுப் போகுது மாமி" என்றாள். கடல் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வரப்போகிறது என்று எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில், தொழிற்பேட்டைக்குப் பின்புறத்து ஒழுங்கையில் இருக்கிறது. ரவி த்ரீவீல் ஓட்டுகிறான். நிலூஷா ஆடைத் தொழிற்சாலையில் பிழை பார்க்கிறவள். தைத்து வரும் சட்டையை விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பாள். நூல் தப்பிய இடம், தையல் கோணிய இடம் எதுவானாலும் அங்கே ஒரு சிறிய சிவப்பு அம்பு ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டை திருத்தத்துக்குத் திரும்பிப் போகும். நாள் முழுக்க அதுதான் வேலை. அந்த அம்புச் சுருள் எப்போதும் அவள் கைப்பையில் கிடக்கும்.

அவள் பிறந்தது ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில். படிப்பில் கெட்டிக்காரி. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் எடுத்தாள், முதல்முறை பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. இரண்டாம் முறை எழுதுகிற வருடத்தில் தாய் படுக்கையில் விழுந்தார். இவள் பரீட்சைக்கே போகவில்லை. பிறகு கம்ப்யூட்டர் வகுப்பு, அது பாதியில். தையல் வகுப்பு, அதுவும் பாதியில். ஏதாவது கேட்டால், "எனக்குக் கைராசி இல்ல மாமி" என்பாள். அவள் அதைச் சொல்லும்போது சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

கடல்மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி வந்தது அவளுடைய தொழிற்சாலையில் இருந்த வெளிநாட்டு மேலாளர் ஒருவரின் வீட்டிலிருந்து. நாட்டில் எல்லாம் தட்டுப்பாடாக இருந்த வருடம். மனிதர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடச் சொல்லியிருந்தார். நிலூஷா ரவியைக் கையோடு கூட்டிப்போய், கல்லையும் தண்ணீரையும் வாளிகளில் நிரப்பி, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களைத் தண்ணீர்ப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் வந்து இறங்கினாள்.

"எல்லாரும் பொண்டாட்டிக்கு சேலதான் எடுத்துக் குடுப்பாங்க. நான் கடல எடுத்துக் குடுத்திருக்கேன்" என்றான் ரவி, முதுகைப் பிடித்துக்கொண்டு.

அந்த வருடம் கரண்ட் மணிக்கணக்கில் நின்றது. மோட்டார் நின்றால் தண்ணீருக்குக் காற்று இல்லை, மீன் மூச்சுத் திணறும் என்றாள். ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். பகல் முறை எனக்கு, வேலை விட்டு வந்தபின் அவளுக்கு. எத்தனையோ நாட்கள் அப்படி ஊற்றினோம். ஒரு மீன்கூடச் சாகவில்லை. இவள் பாதியில் விடாத ஒரு காரியத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். அதனால்தான் அந்தத் தொட்டி எனக்கும் வேண்டியதாகிப்போனது.

தண்ணீர் மாற்ற வேண்டுமே, கடல்தண்ணீருக்குக் கண்டியில் எங்கே போவது? கடலோரக் கின்னியாவிலிருந்து வத்தேகமச் சந்தைக்கு மீன் லொறி ஓட்டும் முஹைதீன்தான் இரண்டு நீலக் கேன்களில் கொண்டுவந்து தருவார்.

பழுப்புப் பூவைக் கொண்டுவந்தவன் என் மகன். நிலூஷாவின் பிறந்தநாளுக்குக் கண்டி டவுனில் ஒரு கடையில் பச்சைப் பொத்தான் போலப் பூத்திருக்கும் பவளக்கல் ஒன்றை வாங்கினான். பொத்தான்களுக்கு நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புப் பூ தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. "ஒன்னு வாங்குனா ஒன்னு இலவசம்" என்று ரவிக்கு ஒரே பெருமை. நிலூஷாவும் மகிழ்ந்துபோய், இறால் துணுக்கை இடுக்கியில் பிடித்து ஒரு மாதம் அதற்கு ஊட்டினாள். அது நன்றாகத் தின்றது. தின்று, பக்கத்தில் ஒன்று, அடிக்கல்லில் ஒன்று என்று குட்டியும் போட்டது.

பிறகு அதன் பக்கத்திலிருந்த பச்சைப் பொத்தான்கள் மூடிக்கொண்டன. விடிந்தாலும் திறப்பதில்லை. நிலூஷா தொழிற்சாலைக் கண்ணாடியை எடுத்துவந்து தொட்டியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். போனில் படங்களைப் புரட்டினாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமி, இது பூ இல்ல. மிருகம். கடல் அனிமோன்ல ஒரு சாதி. களை மாதிரி. தண்டைப் பாருங்க, வெளிச்சம் ஊடுருவுது. கை எல்லாம் நூல் மாதிரி நீட்டமா, நுனி கூரா இருக்கு. நம்ம பச்சைப் பொத்தானுக்குக் கை குட்டையா ஓரத்துல மட்டுந்தான். இந்தக் கையில விஷ ஊசி இருக்கு. பக்கத்துல இருக்கிறத எல்லாம் குத்தும்."

"அப்ப புடுங்கிப் போட்டுடு."

"ஐயோ, தொடவே கூடாது. தொட்டா கண்ணிமைக்கிறதுக்குள்ள ஓட்டைக்குள்ள போயிரும். நீங்க கைய வைக்காதீங்க மாமி."

அன்று அவள் தன் வழக்கப்படி தொட்டிக் கண்ணாடியில் சிவப்பு அம்புகளை ஒட்டினாள். ஒவ்வொரு பழுப்புப் பூவுக்கு நேராகவும் ஒன்று. முதலில் எட்டு ஒட்டினாள். பிறகு ஒன்றைக் கழற்றினாள். அது குழாய்க்குள் இருக்கும் விசிறிப் புழுவாம், நல்ல பிராணியாம். மிச்சம் ஏழு. முன்பக்கம் ஐந்து, கல்லின் பின்பக்கம் இரண்டு. எனக்கு எழுத்துத் தெரியாது, அம்பு தெரியும்.

தீனியைக் குறைத்தாள். இந்தச் சாதியைத் தின்கிற சின்ன இறால் ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துத் தரமுடியுமா என்று முஹைதீனிடம் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு அவர் வாசலில் வந்து நின்றார், கையில் பொதியோடு.

"ஆச்சி, மருமகள் றால் கேட்டா. இந்தா, ரெண்டு கிலோ, ஐஸ் போட்டுக் கொண்டு வந்திரிக்கன்."

நிலூஷா வெளியே ஓடிவந்தாள். அவரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். "நானா, நான் உசுரோட கேட்டேன்!"

"உசிரோடயா? வல்லாஹி, புள்ள, என்ட லொறியில உசிரோட வாறது நான் ஒருத்தன்தான்!"

அன்று எங்கள் வீட்டில் இறால் குழம்பு. முஹைதீனும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பழுப்புப் பூக்கள் ஏழும் கண்ணாடிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் நிலூஷாதான். இனி வருவதை எழுத வேண்டாம் என்று அவள் சொன்னாள். நான் எழுதத்தான் சொல்லியிருக்கிறேன்.

நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் நான். மலையேறி, மட்டம் பார்க்கிற மட்டக்கம்பைச் செடியின் வாதுமேல் கிடத்தி, அதற்கு மேலே தலைதூக்குவதை எல்லாம் இரண்டு கையாலும் கிள்ளிக் கூடையில் போட்டவள். தொட்டால் உள்ளே போய்விடும் என்று அவள் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் விரலைவிட வேகமாக ஒரு பூ உள்ளே போய்விடுமா? அவள் வேலைக்கு பஸ் ஏறிய பிறகு சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, கதிரையில் ஏறி நின்று, கையைத் தண்ணீருக்குள் விட்டேன். நகத்தால் ஒரு கிள்ளு. தலை கையோடு வந்துவிட்டது. அடி மட்டும் ஓட்டைக்குள் போனது. இன்னொரு கிள்ளு, அதுவும் வந்தது. சில துணுக்குகள் கைநழுவித் தண்ணீரில் மிதந்து போயின. போகட்டும் என்று விட்டேன்.

தினமும் காலையில் கிள்ளினேன். சாயங்காலம் அவள் வந்து பார்க்கும்போது முன்பக்கம் ஒன்றும் தெரியாது. "மாமி, குறைஞ்ச மாதிரி இருக்குல்ல?" என்பாள். நான் வெற்றிலையை மென்றுகொண்டு, "இருக்கும் இருக்கும்" என்பேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கர்வம்.

இரண்டு ஞாயிறு போனது. கல்லில், மணலில், கண்ணாடியின் மூலையில், கடுகளவு கடுகளவாகப் புதியவை முளைத்திருந்தன. அவள் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து அம்பு ஒட்டினாள். பன்னிரண்டு. அடுத்த ஞாயிறு பத்தொன்பது. அதற்கும் அடுத்த ஞாயிறு முப்பத்தொன்று. தொட்டிக்கு அம்மை போட்டமாதிரி இருந்தது.

முப்பத்தொன்று ஒட்டிய அன்றுதான் எனக்குப் பொறிதட்டியது. கொழுந்தை ஏன் கிள்ளுகிறோம்? கிள்ளினால் அந்த இடத்தில் இரண்டு கிளைக்கும். கவ்வாத்து வெட்டினால் மொட்டையாக நிற்கும் செடி நாலு மாதத்தில் குடைபோல விரியும். நாற்பது வருடம் இதை நம்பித்தானே சோறு தின்றேன்! தொட்டிக்குள்ளே கொழுந்துமலை போட்டிருக்கிறேன் நான்.

அன்றிலிருந்து கையை வைக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. என் விரல்கள் சிவந்து அரித்துக்கொண்டிருந்தன. நிலூஷா அதைப் பார்த்துவிட்டாள். "பாத்திரம் கழுவுற சோப்பு உங்களுக்கு ஒத்துக்கல மாமி" என்றாள். மறுநாள் வத்தேகமச் சந்தையிலிருந்து எனக்கு ஒரு சோடி ரப்பர் கையுறை வாங்கிவந்தாள். மஞ்சள் நிறம். "இனி இதப் போட்டுக்கிட்டுத்தான் கழுவணும், சரியா?" என்று தானே என் கையில் மாட்டிவிட்டாள். அந்தக் கையுறைக்குள் என் கை கூசியது போல எந்தக் கங்காணியின் முன்னாலும் கூசியதில்லை.

அந்த வாரம் அவள் டவுன் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "அவ்வளவு பெருகிட்டா ஒன்னும் செய்ய ஏலாது, கல்லை எல்லாம் வெயில்ல காயப்போட்டுட்டு முதல்லருந்து தொடங்குங்க" என்றாராம். கல் காய்ந்தால் பச்சைப் பொத்தான் சாகும். விசிறிப் புழு சாகும். மீன்களுக்கு இடமில்லை.

சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னாள், ரவியைப் பார்க்காமல். "முஹைதீன் நானாகிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழம வந்து மீன் ரெண்டையும் கேன்ல கொண்டுபோய்க் கடல்லயே விட்டுருவாரு. தொட்டியத் தேவையானவங்களுக்குக் குடுத்துரலாம்."

"ஏன் புள்ள, கொஞ்சம் பாத்து..." என்றான் ரவி.

"என்னத்தப் பாக்கிறது? தீனியக் குறைச்சேன், ஒன்னையும் தொடல, அப்பவும் வாரத்துக்கு வாரம் பெருகுது. எனக்குக் கைராசி இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. வந்ததும் நீலக் கேனைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தாள். சின்ன வலையை எடுத்து மேசையில் வைத்தாள். மீன் இரண்டும் தீனி கிடைக்கும் என்று கண்ணாடிக்கு அருகே வந்து வாலாட்டின. நான் கையுறையைக் கழற்றி அந்த வலைமேல் வைத்தேன்.

"நீலு, அதக் கிள்ளுனது நான்தான்."

"எத?"

"உன் பழுப்புப் பூவ. தெனம் காலையில. நீ பஸ் ஏறுன பொறகு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். "அப்ப இந்த அரிப்பு?"

"சோப்பு இல்ல."

"மாமி!" அவள் குரல் ஒழுங்கை முனைவரைக்கும் போயிருக்கும். "நாப்பது வருசம் கொழுந்து எடுத்தீங்களே! கிள்ளுனா கெளைக்கும்னு உங்களுக்கா தெரியாது?"

"செடி கெளைக்கும்னு தெரியும். இது செடி இல்ல, மிருகம்னு நீதானே சொன்ன? ஆட்டுக்குக் காலை ஒடிச்சா எட்டுக் காலா மொளைக்கும்?"

ரவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் கதிரையில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து டோர்ச்சை எடுத்தாள்.

"எந்தப் பக்கம் கைய விட்டீங்க? சரியா சொல்லுங்க."

"முன்பக்கம். இந்த மூலை, அந்த மூலை. பின்னால என் கை எட்டாது."

கல்லின் பின்பக்கம் வெளிச்சம் அடித்தாள். கண்ணாடியில் மூக்கு நசுங்க நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"ரெண்டு" என்றாள். "பின்னால முதல்நாள் ரெண்டு அம்பு ஒட்டுனேன். இன்னைக்கும் ரெண்டுதான் மாமி. முன்னால மட்டுந்தான் இருபத்தொம்பது. ஒரே லைன்ல வர்ற சட்டையில மட்டும் பிழை இருந்தா துணியக் குத்தம் சொல்லமாட்டோம். துணி நல்லதுதான். மெஷின்லதான் பிழை."

"அந்த மெஷின் நான்."

"நீங்களேதான்." இப்போது சிரித்தாள். இது வேறு சிரிப்பு. "அதுவாப் பெருகல. நான் செஞ்சது எதுவும் தப்பு இல்ல. இது தானா இவ்வளவு வேகமா ஓடாது. அப்ப ஒவ்வொன்னாப் புடிக்கலாம்."

சாயங்காலம் முழுக்கப் போனில் தேடினாள். திடீரென்று நிமிர்ந்து, "மாமி, வெத்தில டப்பாவக் குடுங்க" என்றாள்.

"நீ எப்ப வெத்தில போடப் பழகுன?"

"கல்சியம் ஹைட்ரொக்சைட்டாம். குழைச்சு அது வாயில வச்சா சாகுமாம். அது என்னன்னு தெரியுமா? சுண்ணாம்பு. முப்பது வருசமா உங்க இடுப்புல தொங்குது."

சிவப்புச் சுண்ணாம்பு ஆகாது, மணம் போட்டது ஆகாது, வெறும் வெள்ளைதான் வேண்டும் என்றாள். என்னுடையது வெறும் வெள்ளைதான்.

ஞாயிறு காலை மோட்டாரை நிறுத்தினாள். சுண்ணாம்பைப் பற்பசை பதத்துக்குக் குழைத்து, பார்மசியில் வாங்கிய ஊசிக்குழாயில் ஏற்றினாள். ஒரு பழுப்புப் பூவுக்கு மேலே அசையாமல் பிடித்து, அது பயப்படாதபடி மெல்ல மெல்ல அதன் வாயில் இறக்கினாள். தீனி என்று நினைத்து அது விழுங்கியது. பிறகு சுருங்கியது. அதன் மேலே இன்னும் கொஞ்சம் வைத்து ஓட்டையை அடைத்தாள். சுவருக்குப் பூச்சு பூசுகிற மாதிரிதான்.

அந்த நேரம் பார்த்து முஹைதீன் வந்து வாசலில் ஹோர்ன் அடித்தார். "புள்ள, மீன் எங்க? கடல் காத்துக்கிட்டு இரிக்கு!"

"மீன் போகல நானா!" என்று உள்ளிருந்தே கத்தினாள் நிலூஷா, ஊசிக்குழாயை அசைக்காமல்.

"போகலையா? அப்ப நான் வந்தது?"

"கேன்ல தண்ணி தந்துட்டு, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன் நான்.

அன்று ஐந்துதான் செய்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "மிச்சத்துக்கும் போட்டுருடி, நெறயச் சுண்ணாம்பு இருக்கு" என்றேன். "கூடப் போட்டா தண்ணி காரமாகி மீன் செத்துப்போகும். ஒரு கிழமைக்கு அஞ்சு. அதுக்கு மேல ஒன்னு கூட இல்ல" என்றாள். நான் பிடிவாதக்காரி. அவள் என்னைவிடப் பிடிவாதக்காரி என்று அன்றுதான் கண்டேன்.

மறுநாள் அந்த ஐந்து இடத்திலும் வெள்ளைத் தூள் மட்டும் கிடந்தது. அதை ஒரு குழாயால் உறிஞ்சி எடுத்தாள். அம்பைக் கழற்றுகிற வேலை எனக்கு. ஐந்து அம்பைக் கழற்றிச் சுவர்க் கலண்டரில் ஒட்டினேன். அடுத்த ஞாயிறு இன்னும் ஐந்து. நடுவில் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு மறுபடி தலைதூக்கின. அவள் திட்டவில்லை, அலுக்கவும் இல்லை. மறுபடி அம்பு ஒட்டினாள், மறுபடி சுண்ணாம்பு வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து முஹைதீன் ஒரு போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே விரல் நீளத்தில், சிவப்புக் கோடு போட்ட சின்ன இறால்கள் இரண்டு. ஊரில் ஒரு முக்குளிப்பவரிடம் சொல்லிவைத்து எடுத்தாராம். "ஆச்சி, கேட்டீங்களா? என்ட லொறியில இன்டைக்கு மூணு உசிரு!"

இப்போது பச்சைப் பொத்தான்கள் விரிந்து கல்லை மூடிவிட்டன. ஒரு பழுப்புப் பூகூட இல்லை என்று சொல்லமாட்டேன். பின்பக்கம் அந்த இரண்டில் ஒன்று இன்னும் இருக்கிறது. "ஒன்னு ரெண்டு எப்பவும் இருக்கும் மாமி. கண்ணு வச்சுக்கிட்டு இருந்தாப் போதும்" என்கிறாள். தொழிற்சாலைத் தோழி சஞ்சீவனி ஒரு தொட்டி தொடங்கியிருக்கிறாள். இவள்தான் போய்க் கல்லை ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்துக் கொடுக்கிறாள். கைராசி என்ற பேச்சு இந்த வீட்டில் கேட்டு வெகுநாளாகிறது.

அம்புச் சுருளில் பாதியை எனக்குக் கொடுத்திருக்கிறாள். இன்று காலை அவள் பஸ் ஏறிய பிறகு, முன்பக்கக் கல்லில் கடுகளவு ஒன்று ஆடுவதைப் பார்த்தேன். விரல் குறுகுறுத்தது. இரண்டு கையையும் இடுப்பில் செருகிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். பிறகு ஒரு அம்பைக் கிழித்து, அதற்கு நேராக ஒட்டிவிட்டு, வெற்றிலை போட உட்கார்ந்தேன்.